மக்காச்சோளச் சக்கையிலிருந்து ஃபர்ஃபுரால்: ஆலை கட்டுவதற்கு முன் கணினியில் கட்டிப் பார்ப்பது எப்படி

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரமாக நீளும் ஊர்கள் மழை குறைந்தவை. கேரளத்துக்குள் இருந்தாலும் இங்கே கடலையும் மக்காச்சோளமும் தென்னையும்தான். எல்லையைத் தாண்டினால் பொள்ளாச்சி, உடுமலை. அங்கே கோழித் தீவனத்துக்காகவே மக்காச்சோளம் ஏராளமாகப் போடுகிறார்கள். மணி தீவன ஆலைக்குப் போய்விடும். மணி உதிர்த்த சக்கை களத்து ஓரத்தில் குவியும். கொஞ்சம் அடுப்புக்கும் சூளைக்கும் போகும், மீதியைக் கொளுத்திவிடுவார்கள்.

ஃபர்ஃபுரால் என்பது பயிர்க்கழிவிலிருந்து எடுக்கும் ஒரு தொழிற்சாலை வேதித்திரவம். உலகச் சந்தையில் விற்கும் ஃபர்ஃபுராலின் பெரும்பகுதி இந்தச் சக்கையிலிருந்துதான் வருகிறது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஓட்ஸ் உமியை வைத்து வணிக உற்பத்தி தொடங்கியது. இன்று அதிகம் தயாரிப்பது சீனா. அங்கே மூலப்பொருள் மக்காச்சோளச் சக்கை. ஃபர்ஃபுராலிலிருந்து ஃபர்ஃபுரைல் ஆல்கஹால், அதிலிருந்து ஃபியூரான் ரெசின். வார்ப்படச் சாலைகளில் மணல் அச்சை இறுக்கிப் பிடிக்க வைக்கும் பசைகளில் இந்த ரெசினும் ஒன்று. பம்பு, மோட்டார் வார்ப்புகளுக்குப் பேர்போன கோயம்புத்தூர் இங்கிருந்து ஒரு பஸ் பயண தூரம்தான். சக்கையும் இங்கே, வாங்கும் தொழிலும் பக்கத்தில் என்றால் யாருக்கும் ஆசை வரும்.

அந்த ஆசையைக் கணக்கில் போட்டுப் பார்க்கத்தான் இந்த வழிகாட்டி. வேதிப்பொறியியல் படிக்கும் மாணவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். சாதாரண மடிக்கணினி போதும். மென்பொருள் எல்லாம் இலவசம்: கணக்குக்கு பைத்தான், அதனுடன் சைபை நூலகம், ஆலையின் ஓட்டப்படத்துக்கு டி.டபிள்யூ.சிம். ஐ.ஐ.டி பம்பாயின் ஃபாஸி திட்டம் டி.டபிள்யூ.சிம்மை மாணவர்களிடையே பரப்பி வருகிறது. பயிற்சிப் பாடங்களும் முடித்த மாதிரிகளும் அங்கே கிடைக்கும்.

என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாதிரி, அதாவது ஆலையைக் கணினியில் சமன்பாடுகளாகக் கட்டிய உருவம், "லாபம் இத்தனை லட்சம்" என்று சொல்லும் கருவி அல்ல. அடுத்து எதை அளக்க வேண்டும், எந்த இடத்தில் இந்தத் திட்டம் உடையும் என்று காட்டுவதுதான் அதன் வேலை. நம் பகுதியில் உடையும் இடம் வேதியியல் அல்ல, நீராவியும் தண்ணீரும். அதனால் அவற்றுக்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கேள்வியை எழுதி வையுங்கள்

"சக்கையிலிருந்து ஃபர்ஃபுரால் எடுக்க முடியுமா?" என்பது கேள்வி அல்ல, நூறு வருடமாக எடுக்கிறார்கள். "ஒரு நாளைக்கு 10 டன் காய்ந்த சக்கையை, வெளியிலிருந்து விறகு வாங்காமல், இவ்வளவு தண்ணீருக்குள் ஓட்ட முடியுமா?" என்பது கேள்வி. எண்ணும் எல்லையும் இருந்தால்தான் மாதிரி எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். இல்லாவிட்டால் நுணுக்கம் கூடிக்கொண்டே போகும், முடிவு வராது.

2. சக்கைக்குள் என்ன இருக்கிறது

ஃபர்ஃபுரால் பெரும்பாலும் சைலான் என்ற பகுதியிலிருந்து வருகிறது. சைலான் நீரோடு சேர்ந்து உடைந்தால் சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரை. சைலோஸ் மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்தால் ஃபர்ஃபுரால். ஆகவே முதலில் தெரிய வேண்டியது சைலான் எத்தனை சதவீதம் என்பது.

மக்காச்சோளச் சக்கையில் அது பெரும்பாலும் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நம் பக்கத்தில் கிடைக்கும் மற்றவற்றில் அவ்வளவு வராது. தென்னை நார்க்கழிவில் லிக்னின் (செடிக்கு மர உறுதி தரும் பொருள்) அதிகம், சைலான் குறைவு. நெல் உமியில் சாம்பல் அதிகம், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. கொட்டாங்குச்சி தேறும்தான், ஆனால் அது கரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பனுக்கும் நல்ல விலைக்குப் போகிறது. கரும்புச் சக்கையை ஆலைகள் தங்கள் பாய்லருக்கே வைத்துக்கொள்கின்றன. மறையூர் வெல்லக் கொட்டில்களிலும் அடுப்பில் எரிவது அதே சக்கைதான். "கழிவு" என்று நாம் பெயர் வைத்த பொருளுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறதா என்று விசாரிக்காமல் எந்த மாதிரியையும் தொடங்காதீர்கள்.

புத்தகத்து எண்ணை நம்ப வேண்டாம், அளந்துவிடுங்கள். வழக்கமான முறை இரண்டு கட்டம்: 72 சதவீத கந்தக அமிலத்தில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 4 சதவீதமாக நீர்த்து, 121 டிகிரியில் இன்னொரு மணி நேரம். வெளிவரும் சர்க்கரைகளை, கரைசலில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி கருவியில் அளக்க வேண்டும். கோவையின் பொறியியல் கல்லூரிகள், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி பாலக்காடு என்று கேட்டுப் பார்க்க இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. சோதனைக்குச் சக்கை எடுக்கும்போது ஒரே குவியலின் மேல்பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். நான்கைந்து களங்களிலிருந்து, மழைக்கு முன்னும் பின்னும் எடுத்து, ஒவ்வொன்றின் ஈரத்தையும் தனித்தனியே குறியுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் காய்ந்த எடையில்தான்.

3. கணினியைத் திறக்கும் முன் ஒரு தாள் கணக்கு

சைலானின் ஓர் அலகு எடை 132, சைலோஸ் 150, ஃபர்ஃபுரால் 96. ஒரு டன் காய்ந்த சக்கையில் 300 கிலோ சைலான் என்றால், எல்லாமே மாறினாலும் கிடைக்கக்கூடிய ஃபர்ஃபுரால் 300 × 96 ÷ 132, அதாவது 218 கிலோ. சைலானிலிருந்து இதற்கு மேல் ஒரு கிலோகூட வராது. இந்த உச்சத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் கைக்கு வருகிறது என்பதுதான் ஈல்டு. 50 சதவீதம் என்று வைத்தால் 109 கிலோ. பழைய தொழில்முறைகள் ஏறத்தாழ இந்தப் பாதியைச் சுற்றியே இருந்தன.

இந்த 218, 109 இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள். பின்னால் ஏதாவது மென்பொருள் ஒரு டன்னுக்கு 240 கிலோ என்று காட்டினால் எங்கோ அலகு தவறியிருக்கிறது என்று உடனே பிடிபடும்.

4. வினையின் மாதிரி

பாதி எங்கே தொலைகிறது? உண்டான ஃபர்ஃபுரால் சூட்டிலும் அமிலத்திலும் தானே பிசினாகிறது; மீந்திருக்கும் சைலோஸோடு சேர்ந்து ஹியூமின் என்ற கருப்புத் திடப்பொருளாகவும் மாறுகிறது. ஆகவே மாதிரியில் குறைந்தது நான்கு வினைகள் வேண்டும்: சைலான் சைலோஸாவது, சைலோஸ் ஃபர்ஃபுராலாவது, ஃபர்ஃபுரால் பிசினாவது, ஃபர்ஃபுராலும் சைலோஸும் சேர்ந்து ஹியூமின் ஆவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேக மாறிலி. 1945இல் சீமன் மரத்தின் செல்லுலோஸுக்கு எழுதிய "உண்டாகிறது, பிறகு அழிகிறது" என்ற தொடர்வினைக் கணக்கின் வழிதான் இது. அந்த மாறிலிகள் வெப்பநிலையோடு எப்படி மாறும் என்பதற்கு அர்ரீனியஸ் சமன்பாடு.

இதில் ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஹியூமினைச் சற்று நேரம் மறந்துவிட்டு, உண்டாகும் வேகத்துக்கும் அழியும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டும் பாருங்கள். விகிதம் 2 என்றால் எவ்வளவு கச்சிதமான நேரத்தில் நிறுத்தினாலும் ஈல்டு 50 சதவீதத்தைத் தாண்டாது. 4 என்றால் 63. 10 என்றால் 77. நிறுத்தும் நேரத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை, விகிதத்தையே மாற்ற வேண்டும்.

எப்படி மாற்றுவது? சைலோஸ் ஃபர்ஃபுராலாக மாறுவதன் கிளர்வு ஆற்றல் (இது அதிகமானால் வினைவேகம் சூட்டோடு அதிகமாக ஏறும்) அழிவு வினைகளுடையதைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. எடுத்துக்காட்டுக்கு, ஒரு மோலுக்கு முதலாவது 125, இரண்டாவது 70 கிலோஜூல் என்று வையுங்கள். 160 டிகிரியிலிருந்து 180க்குப் போனால் உண்டாகும் வேகம் 4.6 மடங்கு ஏறும். அழியும் வேகம் 2.4 மடங்குதான் ஏறும். விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது: 160இல் 2 ஆக இருந்தது 180இல் 4. உச்ச ஈல்டு 50இலிருந்து 63க்குப் போகிறது. "சூடு அதிகம், நேரம் குறைவு" என்ற பழைய ஆலைக்காரர் அனுபவம் இப்படித்தான் எண்ணாகிறது.

இங்கேதான் பலர் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள். வெப்பத்தையும் நேரத்தையும் ஒரே எண்ணாக்கும் கடுமைக் காரணி என்று ஒன்று உண்டு. 1987இல் ஓவரெண்டும் ஷோர்னெட்டும் எழுதியது. நிமிடங்களை, (வெப்பநிலை கழித்தல் 100) வகுத்தல் 14.75 என்பதன் அடுக்கேற்றத்தால் (e-இன் அடுக்கு) பெருக்கி, 10 அடிமான மடக்கை எடுக்க வேண்டும். 170 டிகிரியில் 30 நிமிடத்துக்கு 3.54 வரும், 180 டிகிரியில் 15 நிமிடத்துக்கு 3.53. இரண்டும் ஒன்று என்கிறது அது. சைலான் எவ்வளவு கரைந்தது என்று ஒப்பிட அது போதும். ஃபர்ஃபுராலுக்குப் போதாது, ஏனென்றால் மேலே பார்த்தபடி உண்டாவதும் அழிவதும் வெப்பத்துக்கு வெவ்வேறு விதமாக வளைந்துகொடுக்கின்றன. ஒரே எண்ணில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

5. மாறிலிகளை ஆய்வகத்திலிருந்து எடுப்பது

கட்டுரைகளில் கிடைக்கும் மாறிலிகள் வேறு அமிலம், வேறு செறிவு, வேறு கலனில் அளந்தவை. தொடங்குவதற்கு வைத்துக்கொள்ளலாம், முடிவெடுக்கக் கூடாது.

சோதனைகளை மூன்று வரிசையாகப் பிரியுங்கள். முதலில் ஃபர்ஃபுராலை மட்டும் அமில நீரில் சூடாக்குங்கள். அது அழியும் வேகம் தனியாகக் கிடைக்கும். அடுத்து தூய சைலோஸ். உண்டாகும் வேகமும் ஹியூமினும் இங்கே கிடைக்கும். கடைசியாகத்தான் சக்கை, சைலான் உடையும் வேகம் அதில் வரும். எல்லா மாறிலியையும் சக்கைச் சோதனை ஒன்றிலிருந்தே பிழிந்தெடுக்கப் பார்த்தால், ஒன்றின் பிழையை இன்னொன்று மூடி மறைக்கும். வரைபடம் அழகாகப் பொருந்தும், மாறிலிகள் மட்டும் தவறாக இருக்கும்.

நான்கு வெப்பநிலை, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நேரப் புள்ளிகள் என்று வைத்தால் நல்ல தொடக்கம்: 150, 160, 170, 180. இதில் 180இன் தரவை மட்டும் பொருத்துவதற்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வையுங்கள். மற்ற மூன்றில் கிடைத்த மாறிலிகளை வைத்து 180ஐக் கணித்துப் பார்த்து, அளவீட்டோடு ஒப்பிடுங்கள். அதில் தேறினால்தான் மாதிரி தேறியது.

இன்னும் சில நுணுக்கங்கள். சின்ன ஆட்டோகிளேவ் சூடேறவே பல நிமிடம் எடுக்கும், அந்த நேரத்திலும் வினை நடந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே "170 டிகிரி" என்று ஒரே எண்ணைப் போடாமல், வெப்பமானி காட்டிய வளைவையே சமன்பாட்டுக்குள் கொடுங்கள். சைபையின் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வி அதைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும். அர்ரீனியஸ் சமன்பாட்டை நடு வெப்பநிலை ஒன்றை, உதாரணமாக 165ஐ, அடிப்படையாக வைத்து எழுதினால் பொருத்தும் நிரல் தடுமாறாது. ஒவ்வொரு புள்ளியிலும் கார்பன் கணக்கும் போடுங்கள்: உள்ளே போன 100 பங்கு கார்பனில் 70தான் கண்ணில் படுகிறது என்றால், மீதி 30 ஹியூமினிலோ ஆவியாகவோ போயிருக்கிறது, அது தெரியாமல் மேலே போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 170 டிகிரியில் நீராவி அழுத்தம் 8 பார், 180இல் 10 பார். ஃபர்ஃபுரால் நச்சு, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். இது முறையான அழுத்தக் கலனும் மேற்பார்வையும் உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக் கொல்லையில் வேண்டவே வேண்டாம்.

இருபது முப்பது புள்ளிகளை வைத்துக்கொண்டு நேராக நரம்பியல் வலையமைப்புக்குப் போகும் மாணவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம் என்பதே என் பரிந்துரை. நான்கு சமன்பாடுகளுக்கு வேதியியல் தெரியும், பொருள் அழியாமை தெரியும். அளக்காத வெப்பநிலையில் என்ன ஆகும் என்று ஓரளவாவது சொல்லும். அந்த வலைக்கு நீங்கள் கொடுத்த புள்ளிகள் மட்டும்தான் தெரியும்.

6. பிரித்தெடுப்பு

ரியாக்டரிலிருந்து நீராவியோடு வெளிவரும் ஃபர்ஃபுரால் சில சதவீதம்தான், மீதியெல்லாம் தண்ணீர். அதைப் பிரிக்கும் பகுதியை டி.டபிள்யூ.சிம்மில் வரையுங்கள்: வடித்தல் கோபுரம், குளிர்விப்பான், கலவை இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும் தொட்டியான டிகாண்டர், டிகாண்டரின் நீர் அடுக்கைக் கோபுரத்துக்கே திருப்பி அனுப்பும் குழாய்.

மென்பொருள் முதலில் கேட்கும் கேள்வி எந்த வெப்ப இயக்கவியல் மாதிரி என்பது. இங்கே, கலந்த பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ளும் ராவூல்ட் விதி என்று தட்டிவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஃபர்ஃபுராலின் கொதிநிலை 162 டிகிரி, அதனால் அது கோபுரத்தின் அடியில் தங்கும் என்று அந்த விதி சொல்லும். நிஜத்தில் நீர்த்த கரைசலில் ஃபர்ஃபுரால் தண்ணீரைவிட எளிதாக ஆவியாகி மேலே போகிறது, ஏனென்றால் அதற்கும் தண்ணீருக்கும் ஒத்துப்போவதில்லை. ஏறத்தாழ 35 சதவீத ஃபர்ஃபுராலில், 98 டிகிரியில், இரண்டும் சேர்ந்தே கொதிக்கும். இதையெல்லாம் பிடிக்க, இப்படி ஒத்துப்போகாத கலவைகளுக்கான என்.ஆர்.டி.எல் அல்லது யூனிக்வாக் மாதிரி வேண்டும். தேர்ந்தெடுத்த கையோடு இந்த 35 சதவீதமும் 98 டிகிரியும் வருகிறதா, குளிர்ந்தபின் இரண்டு அடுக்காகப் பிரிகிறதா என்று சோதித்துவிடுங்கள். வராவிட்டால் அளவுருக்களை மாற்றும்வரை அடுத்த அடி வைக்காதீர்கள்.

பிரிவது நமக்கு நல்லது. சாதாரண அறை வெப்பத்தில் தண்ணீர் சுமார் 8 சதவீத ஃபர்ஃபுராலைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். கோபுர உச்சியில் வரும் 100 கிலோவில் 35 கிலோ ஃபர்ஃபுரால். குளிர்ந்ததும் சுமார் 31 கிலோ கனமான அடுக்கு அடியில் தங்கும், அதில் 94 சதவீதம் வரை ஃபர்ஃபுரால். மேலே நிற்கும் 69 கிலோ நீர் அடுக்கில் ஐந்தரை கிலோ மிச்சம்; அதைக் கோபுரத்துக்கே திருப்ப வேண்டும். இந்தச் சுழற்சியை விட்டுவிட்டால் கோபுரம் வரை வந்து சேர்ந்த ஃபர்ஃபுராலில் ஆறில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும்.

7. நீராவி

இப்போது நாம் வரவேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம். வெளிவரும் ஆவியில் ஃபர்ஃபுரால் 4 சதவீதம் என்று வைத்தால், ஒரு கிலோ ஃபர்ஃபுராலுக்கு 25 கிலோ ஆவி. ஒரு டன் சக்கைக்கு 109 கிலோ ஃபர்ஃபுரால், ஆகவே சுமார் 2.7 டன் நீராவி. 30 டிகிரி தண்ணீரை 10 பார் நீராவியாக்க ஒரு டன்னுக்கு 2.65 கிகாஜூல் வேண்டும். மொத்தம் 7.2 கிகாஜூல்.

எரிக்க நம்மிடம் இருப்பது ரியாக்டரில் மிஞ்சும் செல்லுலோஸும் லிக்னினும் கலந்த எச்சம். அது ஒரு டன்னுக்கு 600 கிலோ, காய்ந்த நிலையில் கிலோவுக்கு 18 மெகாஜூல் என்று வைப்போம்: 10.8 கிகாஜூல். ஆனால் எச்சம் பாதிக்குப் பாதி ஈரமாக வெளிவருகிறது; அந்த 600 கிலோ தண்ணீரை விரட்டவே சுமார் 1.5 கிகாஜூல் போய்விடும். மீதியில் பாய்லர் 70 சதவீதத்தைத்தான் நீராவிக்குக் கொடுக்கும் என்றால் 6.5 கிகாஜூல். தேவை 7.2. இடிக்கிறது. தினமும் வெளியிலிருந்து விறகு வாங்க வேண்டிய ஆலை இது.

இப்போது மாதிரியிடம் வழி கேளுங்கள். எச்சத்தின் ஈரத்தை 50இலிருந்து 30 சதவீதமாக்கினால் வரவு 7.1 ஆகிறது. கணவாய்க் காற்றும் வெயிலும் இருக்கிற ஊரில், ஒரு பிழிவுப் பொறியும் ஒரு சிமெண்ட் களமும் இருந்தால் வருடத்தின் பல மாதங்களில் இது நடக்கும். இன்னொன்று, பாய்லருக்குப் போகும் தண்ணீரை வெளிவரும் சூட்டை வைத்தே 80 டிகிரிக்கு ஏற்றினால் தேவை 7.2இலிருந்து 6.7க்குக் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் பற்றாக்குறை உபரியாகிறது. வினைவேகத்தில் தலையை உடைத்துக்கொண்டு ஈல்டை இரண்டு சதவீதம் ஏற்றுவதைவிட இந்த இரண்டும் மலிவு. ஈல்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை முதலில் செய்வது என்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

கந்தக அமிலம் போட்டிருந்தால் அது எச்சத்திலும் தங்கும், பாய்லர் குழாயை அரிக்கும், புகையிலும் வரும். சக்கையிலேயே உள்ள அசெட்டைல் தொகுதிகள் உடைந்து தரும் அசெட்டிக் அமிலத்தை மட்டும் நம்பி, கூடுதல் சூட்டில் ஓட்டும் முறையும் உண்டு. இரண்டையும் தனித்தனி மாதிரியாக வைத்து ஒப்பிடுங்கள்.

8. தண்ணீர்

நாளைக்கு 10 டன் சக்கை என்றால் நீராவிக்கு மட்டும் 27 டன் தண்ணீர். புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் மறப்பது இன்னொரு 25 டன்: அவ்வளவு ஆவியையும் குளிர்விக்கும்போது, அதே சூட்டைக் குளிர்விப்புக் கோபுரம் தன் தண்ணீரை ஆவியாக்கித்தான் வெளியேற்றும். இரண்டும் சேர்ந்து நாளைக்கு 52,000 லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஒரு ஆளுக்கு வைத்திருக்கும் அளவு நாளைக்கு 55 லிட்டர். ஆக, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பேரின் குடிநீர்.

இந்த எண்ணை இந்த மண்ணில் யாரும் சும்மா தாண்டிப் போக முடியாது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் சித்தூர்ப்புழைக்கு வரவேண்டிய ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி தண்ணீரை எதிர்பார்த்துத்தான் இங்கே வாய்க்கால்கள் காத்திருக்கின்றன. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் நிலத்தடி நீருக்காக மக்கள் போராடி, ஒரு குளிர்பான ஆலை 2004இல் நின்றுபோனது. அந்த மக்களில் பலர் தமிழ் பேசுபவர்கள், நம் உறவுக்காரர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆலையை யோசிப்பவர் தண்ணீர்க் கணக்கைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்கக் கூடாது.

மாதிரியில் இதற்கு இரண்டு வேலை. முதலாவது, ஆவியின் சூட்டைக் குளிர்விப்புக் கோபுரத்துக்குப் போகும் முன்பே பிடுங்கிக்கொள்வது: பாய்லர் தண்ணீரைச் சூடாக்க, எச்சத்தை உலர்த்த. மீதிக்குக் காற்றுக் குளிர்விப்பான் வைத்துப் பாருங்கள். விலை கூடும், தண்ணீர் வெகுவாகக் குறையும். இரண்டாவது, வடித்தல் கோபுர அடியில் வரும் புளிப்புத் தண்ணீரைத் திரும்ப ரியாக்டருக்கு நீராவியாக்கி அனுப்புவது. சுழற்சியில் போடும்போது ஆவியாகாத கழிவுகள் சேர்ந்துகொண்டே போகும். சுற்றில் 10 சதவீதத்தைக் கழித்துவிட்டால் அவற்றின் செறிவு பத்து மடங்கில் நிலைக்கும், 5 சதவீதம் என்றால் இருபது மடங்கில். குழாயும் வெப்பமாற்றியும் எவ்வளவு தாங்கும் என்பதே எல்லை. ஒரு சுற்றோடு நிறுத்திப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. செறிவு நிலைக்கும்வரை மாதிரியை ஓட்ட வேண்டும்.

9. சக்கை எவ்வளவு தூரத்திலிருந்து வரும்

நாளைக்கு 10 டன், வருடத்துக்கு 300 நாள்: 3,000 டன். ஹெக்டேருக்கு 6 டன் மணி, அதன் எடையில் ஆறில் ஒரு பங்கு சக்கை என்றால், ஹெக்டேருக்கு ஒரு டன். 3,000 ஹெக்டேர் மக்காச்சோளம் வேண்டும். சுற்றியுள்ள நிலத்தில் பத்தில் ஒரு பங்கு மக்காச்சோளம் என்றால் 300 சதுர கிலோமீட்டர், அதாவது 10 கிலோமீட்டர் ஆரம். மூன்றில் ஒருவர்தான் விற்பார் என்றால் ஆரம் 17. தெற்கே ஆனைமலை, வடக்கே வாளையார் மலை என்பதால் வட்டம் முழு வட்டமாகவும் இருக்காது; வரைபடத்தில் மலையை வெட்டிவிட்டுக் கணக்கிடுங்கள்.

ஆலையை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் செலவு ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஆகும். வேதித்தொழிலில் பழக்கமான 0.6 அடுக்கு விதி அது. ஆனால் லாரி ஓடும் தூரமும் 1.4 மடங்காகிறது. உதிரிச் சக்கை எடை குறைந்தது, லாரி எடைக்கு முன்னால் இடத்தால் நிறைந்துவிடும். அறுவடை சில மாதங்களில் முடிந்துவிடும் என்பதால் வருடம் முழுக்கச் சேமிக்கவும் வேண்டும். மழையில் நனைந்த குவியலில் சைலானும் கெடும். மாநில எல்லை தாண்டும் சரக்குக்கு ஜி.எஸ்.டி வந்த 2017க்குப் பிறகு சோதனைச்சாவடி வரிசை இல்லை, இ-வே பில் விவகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். விலையைக் கேட்க வேலந்தாவளத்துக்கும் உடுமலைக்கும் நேரில் போங்கள். நீங்கள் வாங்கத் தொடங்கினால் சூளைக்காரரும் விலையை ஏற்றுவார், அதையும் சேர்த்துப் போடுங்கள்.

10. நிச்சயமில்லாததை எண்ணாக்குவது

சைலான் 27 முதல் 33, ஈல்டு 45 முதல் 60, எச்ச ஈரம் 30 முதல் 55, சக்கை விலை இன்னதிலிருந்து இன்னதுவரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சு கொடுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் தனியாக ஆட்டி, எது முடிவை அதிகம் ஆட்டுகிறது என்று வரிசைப்படுத்துங்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மாண்டி கார்லோ முறையில், அதாவது வீச்சுக்குள் தற்செயலாக எண்களை எடுத்து, ஆயிரம் தடவை ஓட்டுங்கள். பைத்தானில் சில நிமிட வேலை. ஆயிரத்தில் எத்தனை தடவை வெளி விறகு தேவைப்படவில்லை, எத்தனை தடவை தண்ணீர் எல்லைக்குள் நின்றது என்று எண்ணுங்கள். சராசரி லாபத்தைவிட இந்த எண்ணிக்கைதான் பேசும்.

வரிசையின் உச்சியில் எது வருகிறதோ அதை அளக்கத்தான் அடுத்த பணம். எச்ச ஈரம் உச்சியில் வந்தால், எச்.பி.எல்.சி வேலையை நிறுத்திவிட்டு, மிஞ்சும் எச்சத்தைக் களத்தில் பரப்பி ஆடி, ஐப்பசி, தை மாதங்களில் எத்தனை நாளில் காய்கிறது என்று தராசு வைத்துப் பாருங்கள். விலை வந்தால் களங்களுக்கு நடங்கள்.

மாதிரியை யாரிடம் கொடுத்தாலும் ஓட்டப்படத்தோடு ஒரு பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்: எந்த எண் அளந்தது, எந்த எண் ஊகம், எந்த மாதம், எந்தக் களத்துச் சக்கை. தண்ணீர்ப் பக்கத்தைத் தனியாக அச்சிட்டு, தமிழிலும் மலையாளத்திலும், ஊராட்சிக் கூட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அதைப் படித்துவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விகளையும் உள்ளிடாகச் சேர்த்து, மாதிரியை மறுபடி ஓட்டுங்கள்.